எம்புட்டு நாளா

புருஷன் சொல்லும் சாக்கைச் சாக்கு என்று புரிந்துகொள்ள ஒரு சாமர்த்தியம் வேண்டும். தமிழ்வாணிக்கு அது கிடையாது. வில்லாபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் டைப் செய்கிற வேலை அவளுக்கு. எழுதிக் கொடுத்ததைப் புள்ளி விடாமல் அடித்துக் கொடுத்தே பழகியவள். அதனால், "இந்த ஊர் பாஷை தெரியாம இங்க வந்து என்னடி பண்ணுவ? மொதல்ல அதைப் படி, பெறகு பாப்போம்" என்று முத்துக்குமரன் போனில் சொன்னதும், அதை அப்படியே பாடத்திட்டமாக எடுத்துக்கொண்டாள்.

முத்துக்குமரன் பேரையூர்க்காரன். துருக்கியில், இஸ்தான்புல் ஓரமாகத் துஸ்லா என்கிற இடத்தில், கப்பல் கட்டும் பட்டறையில் வெல்டர். கல்யாணமாகி ஐந்து வருஷம். முதல் வருஷமே விமானம் ஏறினான். அடுத்த வருஷம் ஒரு மாத லீவில் வந்து போனான். அதற்குப் பிறகு மூன்று வருஷமாகக் குரல்தான் வருகிறது, ஆள் வரவில்லை. நானாவது அங்கே வரட்டுமா என்று இவள் கேட்டபோதெல்லாம் ஒரு காரணம் வந்து குறுக்கே நின்றது. முதல் தடவை குளிர். தமிழ்வாணி ஸ்வெட்டர் வாங்கினாள். சித்திரை மாதம் அது. கடைக்காரர் அவளை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பரண் ஏறினார். இரண்டாவது தடவை பேப்பர். பாஸ்போர்ட் எடுத்தாள். மூன்றாவது தடவைதான் பாஷை. பாஷையைப் படிக்கச் சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் போதும் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். ஆள் தெரியாமல் சொல்லிவிட்டான்.

மதுரையில் எதற்குத்தான் டியூஷன் இல்லை. வில்லாபுரத்திலேயே, ஒரு மாடியில், பத்தாம் வகுப்புக் கணக்குக்கும் ஸ்போக்கன் ஹிந்திக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு மணி நேரத்தில், செவ்வாயும் சனியும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை, சித்தார்த் என்கிற இளைஞன் துருக்கி மொழி சொல்லிக்கொடுத்தான். மேல்படிப்புக்கு அங்காரா போனவன். படிப்பைத் தவிர அந்த ஊரில் இருந்த எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு ஒரே வருஷத்தில் திரும்பிவிட்டான். பாஷை மட்டும் சுத்தம்.

மாணவர்கள் மூன்று பேர். ஒருவர் காசிமாயன், ஐம்பது வயது, உசிலம்பட்டிப் பக்கம். துருக்கியிலிருந்து மார்பிள் இறக்குகிற கடையில் மேனேஜர். கப்பலில் வர வேண்டிய கல் வராத கோபத்தைத் துருக்கிக்காரனிடம் அவன் பாஷையிலேயே காட்ட வேண்டும் என்பது லட்சியம். இன்னொருத்தி ரோகிணி, கல்லூரி இரண்டாம் வருஷம். துருக்கி சீரியல் ஒன்றில் வருகிற தாடிக்காரனைக் கல்யாணம் செய்துகொள்ள உத்தேசம். அவனுக்கு இன்னும் விஷயம் தெரியாது. மூன்றாவது தமிழ்வாணி. மூன்று பேரில் உருப்படியான காரணத்தோடு படிக்கிறவள் அவள்தான் என்று சித்தார்த்தே பல தடவை சொல்லியிருக்கிறான்.

அந்தச் சனிக்கிழமைப் பாடம், ஒரு வேலை எவ்வளவு காலமாக நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்வது எப்படி என்பது.

"இங்கிலீஷ் வழியாப் படிச்சீங்கன்னா இதுல மண்டை காஞ்சிரும்," என்றான் சித்தார்த். "நமக்கு அந்தக் கஷ்டமே இல்ல. யில்-னா வருஷம். உச் யில், மூணு வருஷம். உச் யில்திர், மூணு வருஷமா. நம்ம 'ஆ' போடுற எடத்துல அவன் 'திர்' போடுறான். அம்புட்டுத்தான் பாடம், வீட்டுக்குப் போகலாம்."

யாரும் போகவில்லை. போர்டில் இரண்டு வாக்கியம் எழுதினான்.

"மூணு வருஷம் மதுரைல இருந்தேன்னா என்ன அர்த்தம்?"

"இருந்துட்டுப் போயாச்சு," என்றாள் ரோகிணி.

"மூணு வருஷமா மதுரைல இருக்கேன்னா?"

"இன்னும் போகல. போக விடல," என்றார் காசிமாயன், சொந்த அனுபவம் போல.

"கரெக்ட்டுண்ணே. அந்த 'ஆ'வுலதான் உசுரு இருக்கு. 'ஆ' இருந்தா வேலை நடந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். இல்லைன்னா கடையைச் சாத்தியாச்சு."

அப்புறம் நாளுக்கு, மாதத்துக்கு, மணிக்கு எல்லாம் அந்தத் 'திர்' எப்படி ஓசை மாறும் என்று போர்டில் எழுதிக்கொண்டே போனான். நாளாக என்றால் 'குந்துர்'. மூன்று நாளாகக் குந்தியிருக்கிறவனுக்குப் பொருத்தமான வார்த்தைதான் என்றார் காசிமாயன். மாதத்துக்கு வந்தபோது வகுப்பு சீர்கெட்டது. துருக்கியில் மாதத்துக்குப் பெயர் 'ஆய்'. ரோகிணி பெஞ்சில் கவிழ்ந்துவிட்டாள்.

"அப்ப ஆறு மாசமாக் கல்லு வரலைன்னு சொல்ல, நான் ஆறு ஆயின்னு ஆரம்பிக்கணுமா தம்பி?"

"ஆய்திர்ண்ணே."

"என் வயசுக்கு இது தேவையா," என்றபடி காசிமாயன் எழுதிக்கொண்டார்.

தமிழ்வாணி சிரித்தாள், ஆனால் கவனம் போர்டில் இருந்தது. ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னபோது அவள் எழுந்து நின்றே சொன்னாள். "கோஜாமி உச் யில்திர் பெக்லியோரும்." என் புருஷனை மூன்று வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"ஒரு தப்புகூட இல்லக்கா," என்று சித்தார்த் கை தட்டினான். மற்ற இருவரும் தட்டினார்கள். கைதட்டுகிற அளவுக்கு அந்த வாக்கியத்தில் என்ன இருக்கிறது என்று நால்வரில் யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுப்பாடமாக ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தான். அதில் ஐந்து கேள்விகள். யாராவது துருக்கிக்காரரிடம் இந்த ஐந்தையும் கேட்டுப் பதிலை எழுதிக்கொண்டு வர வேண்டும். நெட்டில் ஆள் பிடிக்க ரோகிணிக்கு வழி தெரியும். காசிமாயனுக்குக் கல் அனுப்பாதவன் இருக்கிறான். தமிழ்வாணிக்குப் புருஷன் இருக்கிறான்.

முத்துக்குமரன் புதனும் ஞாயிறும் சாயங்காலம் கூப்பிடுவான். "நீயாக் கூப்பிடாத, டூட்டில இருப்பேன், போன் பெட்டிக்குள்ள இருக்கும்" என்று சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை என்ன டூட்டி? பதினோரு மணிக்குத் தமிழ்வாணி தாளும் நோட்டும் பேனாவுமாக மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தாள். கீழே அவளுடைய அம்மா முருகம்மாள் கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். அங்கே இப்போது எட்டரை மணி இருக்கும். எடுத்த எடுப்பில் துருக்கியில் பேசினால் மாமா என்ன முழி முழிப்பார் என்று நினைத்து, மணி அடிக்கும்போதே சிரித்துக்கொண்டிருந்தாள்.

எடுத்தது ஒரு பெண்.

"எஃபெந்திம்?" என்றது குரல், நம்ம ஹலோ மாதிரி. உடனே, "அப்லா! அப்லாதானே?" என்றது.

அப்லா என்றால் அக்கா. தமிழ்வாணிக்கு நிம்மதியாக இருந்தது. ஆறு பேரோடு ரூமில் இருக்கிறேன், கீழ் வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று அவன் சொல்லியிருந்தான். கீழ் வீட்டுப் பெண்ணாக இருக்கும். முன்பின் தெரியாதவளைக்கூட அக்கா என்று கூப்பிடுகிறது பார், துருக்கியும் நம்ம ஊர் மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டாள். மதுரையில் கீரை விற்கிறவர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். அந்த ஒரு வார்த்தையில் சந்தேகப்பட ஊர் அவளுக்குக் கற்றுத் தரவில்லை.

காலை வணக்கம் சொன்னாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம். "நம்ம பாஷை பேசுறீங்களே! குமார் சொல்லவே இல்லையே! என் பெயர் நுராய். குமார் ரொட்டி வாங்கப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார். பேசுங்கள், பேசுங்கள், நான் மெதுவாகப் பேசுகிறேன்."

உண்மையிலேயே மெதுவாகப் பேசினாள். சித்தார்த்தே அவ்வளவு நிறுத்திப் பேசியதில்லை. ஆள் கிடைத்தாயிற்று, வீட்டுப்பாடத்தை இவளிடமே முடித்துவிடலாம் என்று தமிழ்வாணி தாளை மடியில் விரித்தாள்.

முதல் கேள்வி: எவ்வளவு காலமாக இங்கே குடியிருக்கிறீர்கள்?

"உச் யில்திர்." மூன்று வருஷமாக. பாடத்தில் வந்த அதே வார்த்தை. தமிழ்வாணி பூரித்துப்போய் எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது: என்ன வேலை பார்க்கிறீர்கள், எவ்வளவு காலமாக?

பேக்கரியில். ஐந்து வருஷமாக. "ஆனால் ரொட்டி மட்டும் வெளியே வாங்குகிறோம்" என்று சொல்லி நுராய் சிரித்தாள்.

மூன்றாவது: உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

"ஆமாம் அப்லா!" என்றாள் நுராய், என்ன கேள்வி இது என்பதுபோல. "குமாரோடுதான். இக்கி யில்திர் எவ்லியிஸ்." இரண்டு வருஷமாக நாங்கள் கணவன் மனைவி. "உங்களிடம்கூடச் சொல்லவில்லையா? கூடப் பிறந்த அக்காவிடம் என்ன வெட்கம்? உங்கள் நம்பரை அவர் அக்கா என்றுதானே போட்டு வைத்திருக்கிறார்."

தமிழ்வாணியின் பேனா 'இக்கி யில்திர்' வரைக்கும் எழுதியிருந்தது. பிறகு 'எவ்லியிஸ்' என்பதையும் எழுதியது. கை அதுபாட்டுக்கு எழுதிற்று. யாருடைய ரத்தத்தில் என்ன இருந்தாலும் அடித்துக் கொடுத்துப் பழகிய கை.

அந்த நேரத்தில் கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. எதற்கும் அவளிடம் துருக்கி இல்லை. ஏன் என்று கேட்கத் தெரியும். எப்படி மனது வந்தது என்று கேட்கத் தெரியாது, அந்தப் பாடம் இன்னும் வரவில்லை. அந்தப் பக்கம் "அப்லா? அப்லா?" என்று கூப்பிட்டது. வாயில் வாக்கியமாக இருந்தது அந்தத் தாளில் இருந்தது மட்டும்தான். நாலாவது கேள்வியைக் கேட்டாள்: உங்களுக்குக் குழந்தை இருக்கிறதா?

"இருக்கிறாள். ஒரு பெண். எட்டு மாதம். இருங்கள், அழப் போகிறாள், அதற்குள் உங்களுக்கு போட்டோ அனுப்புகிறேன், உங்கள் நம்பரைக் குறித்துக்கொள்கிறேன்."

ஐந்தாவது கேள்வி பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவரிடம் கேட்க வேண்டியது. தாளில் அப்படி ஒரு பஸ் ஸ்டாப் படமே போட்டிருந்தது. தமிழ்வாணி அதையும் கேட்டாள்.

"எவ்வளவு நேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறீர்கள்?"

நுராய்க்குக் கொஞ்சம் புரியவில்லை. பிறகு புரிந்துவிட்டது. "குமாருக்காகவா? பத்து நிமிஷமாக," என்றாள். "ரொட்டிக் கடையில் கூட்டம் போல. இதோ, வந்துவிட்டார். குமார், அக்கா பேசுகிறார்கள்!"

கதவுச் சத்தம் கேட்டது. அவன் துருக்கியில் ஏதோ சொன்னான். இத்தனை வருஷத்தில் அவன் துருக்கிப் பேச்சு அவ்வளவு நைஸாகி இருந்தது அவளுக்கு அன்றுதான் தெரியும். பிறகு போன் கை மாறியது.

"மாமா," என்றாள் தமிழ்வாணி.

இணைப்பு போய்விட்டது. கீழேயிருந்து முருகம்மாள், "என்னடி, மாப்ள என்ன சொல்றாப்ல?" என்று சத்தம் போட்டாள்.

"டூட்டிம்மா," என்றாள்.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே அவன் கூப்பிட்டான். எங்கேயோ ரோட்டில் நின்று பேசினான். பின்னால் வண்டிகள் போயின.

"என்ன வாணி, காலைல கூப்பிட்டயாம்ல."

"யாரு மாமா அது?"

"அதா? வீட்டுக்காரம்மா மக. லூசு. சும்மா எதையாவது சொல்லி வைக்கும்."

"ரெண்டு வருஷமாக் கல்யாணம் ஆயிருச்சுன்னு சொல்லுச்சு."

"உனக்கு என்னடி புரிஞ்சுச்சு? நாலு மாசம் டியூஷன் போனா பாஷை வந்துருமா? நான் இங்க இம்புட்டு நாளா இருக்கேன், எனக்கே பாதி வெளங்காது. அவ என்ன சொன்னா, சொல்லு பாப்போம். அப்படியே சொல்லு."

"இக்கி யில்திர் எவ்லியிஸ்."

அந்தப் பக்கம் ஒரு லாரி போயிற்று.

"ஆங், 'திர்'ரு," என்றான். "திர்ருன்னா இங்க 'இருக்கும்'னு அர்த்தம். இருக்கலாம், இருக்கக்கூடும். நிச்சயமில்லாததுக்குப் போடுறது. அவ எவனுக்கோ கல்யாணம் ஆயிருக்கும்னு சொல்லிருக்கா. நீ அரைகுறையாப் படிச்சிட்டு என் குடியைக் கெடுக்காத. சரியா? சாப்ட்டயா?"

"சாப்ட்டேன்," என்றாள். மத்தியானக் கறி அடுப்படியில் அப்படியே இருந்தது.

தப்பாகப் புரிந்துகொண்டோம் என்பதைவிட இனிப்பான செய்தி அப்போது அவளுக்கு உலகத்தில் இல்லை. எல்லாப் பாடத்திலும் முதல் மார்க் வாங்குகிறவள், இந்த ஒன்றில் மட்டும் பெயிலாகிவிட வேண்டும் என்று அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். திங்கட்கிழமை புது நம்பரிலிருந்து போட்டோ வந்தது. மஞ்சள் தொப்பி போட்ட குழந்தை. கீழே 'அப்லா' என்று எழுதி, ஒரு பூ. தொப்பிக்கு வெளியே ஒரு காது மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பேரையூர்க் குடும்பத்தில் அத்தனை பேருக்கும் காது அப்படித்தான். காது கொஞ்சம் அப்படி எல்லோருக்கும் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். குழந்தை அழகாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் சித்தார்த் நோட்டுகளை வாங்கித் திருத்தினான். ரோகிணியின் ஐந்து பதிலும் ஒரே ஆளுடையது. அந்த ஆள் ஐந்துக்கும் அவளுடைய போட்டோவைத்தான் கேட்டிருந்தான். காசிமாயன் முதல் கேள்வியிலேயே சண்டை போட்டுவிட்டதாக வாக்குமூலம் கொடுத்தார். தமிழ்வாணியின் நோட்டு வந்தபோது சித்தார்த் நிமிர்ந்து உட்கார்ந்தான். சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே போனான். மூன்று வருஷமாக, டிக். ஐந்து வருஷமாக, டிக். இரண்டு வருஷமாக நாங்கள் கணவன் மனைவி, டிக். ஒரு பெண், எட்டு மாதம், டிக். பத்து நிமிஷமாக, டிக். அடியில் ஐந்துக்கு ஐந்து என்று போட்டு ஒரு வட்டம் போட்டான்.

"பாருங்க, இதுதான் வீட்டுப்பாடம். யாருக்கா இவங்க? எம்புட்டு அழகா முழு வாக்கியமாப் பதில் சொல்லிருக்காங்க."

"தம்பி, ஒரு டவுட்டு," என்றாள் தமிழ்வாணி. "இந்தத் 'திர்' வேற அர்த்தத்துல வருமா? இருக்கும், இருக்கலாம், அப்படி?"

சித்தார்த்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாத்தியாருக்கு இந்த மாதிரி ஒரு சந்தேகம் வருஷத்துக்கு ஒன்று கிடைத்தால் பெரிது.

"சூப்பர் டவுட்டுக்கா. வரும். அது அடுத்த மாசப் பாடம், இருந்தாலும் சொல்றேன். எவ்லிதிர்னு சொன்னா, அவருக்குக் கல்யாணம் ஆயிருக்கும்னு ஒரு ஊகம்."

தமிழ்வாணி மூச்சை விட்டாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு.

"அப்ப இதுவும் அப்படி இருக்கலாம்ல?"

"எது, இதுவா? இருக்கவே முடியாதுக்கா." அவன் சாக்பீஸை எடுத்துவிட்டான். "ஊகமா இருந்தா 'திர்' கடைசில வரும். இங்க வருஷத்துக்குப் பின்னாடி வருது. அதனால வருஷமா. அடுத்து எவ்லியிஸ். 'யிஸ்'னா நாங்க. அவன் இல்ல, அவ இல்ல, நாங்க. ரெண்டு வருஷமா நாங்க, இன்னைக்கு வரைக்கும், இந்த நிமிஷம் வரைக்கும். சந்தேகத்துக்கு எடமே இல்லாத சென்டன்ஸுக்கா இது. பரீட்சைல குடுக்கலாம்."

சொல்லிக்கொண்டே திரும்பியவன், அவள் முகத்தைப் பார்த்தான். நோட்டைப் பார்த்தான். மறுபடி முகத்தைப் பார்த்தான். போன சனிக்கிழமை அவள் எழுந்து நின்று சொன்ன வாக்கியத்துக்குக் கை தட்டியவன் அவன்தான். சாக்பீஸை வைக்க இடம் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அக்கா, நான் வேணா இன்னொருவாட்டி…"

"இல்ல தம்பி. புரிஞ்சிருச்சு."

காசிமாயன் ஏதோ கேட்க வாயெடுத்தார். ரோகிணி அவர் முழங்கையைத் தொட்டாள். முதன்முறையாக அந்த வகுப்பு பத்து நிமிஷம் முன்னதாகக் கலைந்தது.

புதன்கிழமை அவன் கூப்பிட்டபோது தமிழ்வாணி அழவில்லை. டியூஷனில் கேட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். சண்டைக்குத் தயாராக வந்தவன், இலக்கணத்துக்குத் தயாராக வரவில்லை.

"சரி. இருக்கா. என்ன பண்ணச் சொல்ற? இங்க தனியாக் கெடந்து பாரு, அப்பத் தெரியும். ரிஜிஸ்டரெல்லாம் பண்ணல, நாலு பேரு முன்னாடி மோதிரம் மாத்துனது, அம்புட்டுத்தான். உனக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டேன் வாணி. ஊருல நீதான். யாரும் உன்னைய அசைக்க முடியாது."

"அந்தப் பொண்ணுகிட்ட நான் யாரு?"

"அக்கான்னு சொல்லிட்டேன். அப்படியே இருந்துட்டுப் போ. கூப்பிட்டா நல்லாருக்கியான்னு கேளு, வச்சிரு. அவ ரொம்ப நல்லவடி. தெரிஞ்சா புள்ளையத் தூக்கிட்டு அவங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவா."

"நான் உங்களுக்கு எம்புட்டு நாளா அக்கா?"

டவர் விட்டு விட்டு வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டான். அது ஒன்றும் கஷ்டமான கேள்வி இல்லை. கணக்குப் போட்டால் இரண்டு வருஷமாக, அல்லது கொஞ்சம் கூட.

சனிக்கிழமை மூன்று பேருக்கும் வகுப்பு இல்லை என்று சித்தார்த் செய்தி அனுப்பியிருந்தான். தமிழ்வாணி ஐந்து மணிக்கு வந்துவிட்டாள். அவனும் வந்திருந்தான். இருவருமே அதை எதிர்பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இறந்தகாலம் எப்பத் தம்பி வரும்?"

"இன்னும் மூணு பாடம் தள்ளிக்கா."

"எனக்கு ஒரு வாக்கியம் மட்டும் முன்னாடியே வேணும். அஞ்சு வருஷம் அவருக்குப் பொண்டாட்டியா இருந்தேன். இதை எப்படிச் சொல்றது?"

சித்தார்த் போர்டுக்குப் போகவில்லை. பெஞ்சில் எதிரே உட்கார்ந்து, அவளுடைய நோட்டிலேயே எழுதினான். "பெஷ் யில் எவ்லிய்திக். அஞ்சு வருஷம் புருஷன் பொண்டாட்டியா இருந்தோம்." எழுதிவிட்டுத் தயங்கினான். "ஆனா இப்படிச் சொன்னா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம் வரும்க்கா. கோர்ட்டு, கேஸு, ஒண்ணும் நடக்கலைல. சட்டப்படி பாத்தா நீங்க 'திர்' போடணும். அஞ்சு வருஷமா இருக்கோம்னு. அதுதான் கரெக்ட்டு."

"தெரியும்."

"போடவா?"

"வேணாம்."

அவள் நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். நாலாவது தடவை உச்சரிப்பு சரியாக வந்தது. அவன் சரி என்று சொல்லவில்லை. போனை எடுத்து அந்த மஞ்சள் தொப்பி நம்பரை அழுத்தினாள்.

"உங்களுக்கு எதுக்குக்கா?" என்றான் அவன், மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே. "அந்தாளு சொல்லட்டும். நீங்க எதுக்கு?"

"இந்தப் பிள்ளை தெனம் அக்கா, அக்கான்னு அனுப்பிக்கிட்டு இருக்கு தம்பி. இன்னைக்குக் காலைல கைப்பிள்ளைக்குப் பல்லு வந்துருச்சுன்னு அனுப்பிருக்கு. நான் என்னன்னு பதில் போடுறது?"

"அப்லா!" என்றது போன்.

தமிழ்வாணி நோட்டைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். நான் உன் அக்கா இல்லை. குமாரும் நானும் ஐந்து வருஷம் கணவன் மனைவியாக இருந்தோம்.

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தை எங்கோ வைக்கிற ஒலி மட்டும் கேட்டது. பிறகு நுராய் பேச ஆரம்பித்தாள். இந்தத் தடவை மெதுவாகப் பேசவில்லை. அக்காவுக்காக நிறுத்தி நிறுத்திப் பேசிய நுராய் இல்லை இப்போது. வார்த்தை மேல் வார்த்தை விழுந்தது. நடுநடுவே மூச்சுத் திணறியது. திட்டுகிறாளா, கெஞ்சுகிறாளா, கேட்கிறாளா, தமிழ்வாணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புரியவில்லை என்று சொல்ல அவளுக்குத் தெரியும், இரண்டாவது பாடத்திலேயே வந்துவிட்டது. சொல்லவில்லை. போனைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஸ்போக்கன் ஹிந்திக்காரர்கள் மாடி ஏறி வந்து வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்த சித்தார்த்துக்கு எல்லாம் கேட்டது. எல்லாம் புரிந்தது. அங்காராவில் ஒரு வருஷம் இருந்ததற்காக அவன் வருத்தப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

பேச்சு ஓய்ந்தது. யார் முதலில் துண்டித்தது என்று தெரியவில்லை.

"அவங்க என்ன சொன்னாங்கன்னா…" என்று தொடங்கினான்.

"சொல்லாத தம்பி."

அவன் நிறுத்திக்கொண்டான். தமிழ்வாணி துப்பட்டாவால் போனைத் துடைத்தாள். வியர்வை. பிறகு அவளே கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னுச்சு. கடைசில அதை மட்டும்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. பென் தெ, பென் தென்னு. அது என்ன?"

"'நானும்'க்கா."

"நானும்னா? நானும் என்னவாம்?"

"அதுக்கு மேல சொல்லலக்கா. அம்புட்டுத்தான். நானும், நானும்னு."

ஹிந்தி வகுப்புக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து பெஞ்சில் இடம் பிடித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்மணி தமிழ்வாணியின் மடியில் திறந்து கிடந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க புதுசா சேர்ந்திருக்கீகளா?" என்று கேட்டார். தமிழ்வாணி இல்லை என்று தலையாட்டினாள். கிளம்பணும் என்றாள். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.